பிரதிவாதியின் தூக்குப்போசி

கணபதி, கோயமுத்தூர்
12.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நாச்சி எழுதுவது. நானும் மகள் ரித்திகாவும் சௌக்கியம். என் வலது முழங்காலுக்கு மட்டும் அந்தச் சௌக்கியம் இல்லை. நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. அதனால் நான் கீழே இறங்குவதே கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் அண்ணன் தங்கையாக நாம் பேசியதை உங்கள் பையன் அருண்குமார் பதிவு செய்து கோர்ட்டில் ஆதாரமாகப் போட்டானே, அன்றோடு நான் உங்களுக்குப் போன் செய்வதை விட்டேன். கோபமில்லை, பயம். காகிதத்தில் எழுதினால் என்ன எழுதினோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் அப்பாவின் வாய்க்கால் மேட்டுப் பூமியில் பாதி எனக்கு என்று தீர்ப்பாகி, உங்கள் அப்பீலும் தள்ளுபடியாகி, சர்வேயர் வந்து கல்லும் நட்டாயிற்று. தனிப் பட்டா வாங்கலாம் என்று ரித்திகா போனாள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், அப்பீல் நடந்தபோது நீங்கள் வாங்கிய தடை உத்தரவு இன்னும் அப்படியே நிற்கிறதாம். அப்பீல் முடிந்ததை யாரும் பத்திர ஆபீசில் சொல்லவில்லை. "தடை வாங்கினவரே நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா எடுத்துரலாமுங்க. இல்லீன்னா மறுபடியும் கோர்ட்ல மனுப் போட்டு உத்தரவோட வாங்க" என்றார்களாம்.

ரித்திகாவின் வீட்டுக்காரருக்கு மெல்போர்னில் வேலை நிலைத்துவிட்டது. பங்குனியில் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இங்கே தனியாக விட மாட்டேன் என்கிறாள். நான் பூமியை விற்கப் போவதில்லை, அண்ணா. தடையோடு விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான். நமக்குப் பிறகு ரித்திகாவும் அருணும் அதே கோபி கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிரே உட்காரக் கூடாது. நாம் உட்கார்ந்தது போதும்.

ஒரே ஒரு கையெழுத்து. மறுக்காமல் செய்வீர்கள் என்று நம்புகிறேன். அண்ணி இல்லாத வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள் என்று அதையும் எழுதுங்கள்.

பிரியமுள்ள தங்கை,
நாச்சியம்மாள்

*

கள்ளிமேடு, கோபி வழி
21.10.2024

வாதி நாச்சியம்மாள் அவர்களுக்குப் பிரதிவாதி திருமூர்த்தி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு முடிந்திருக்கலாம்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். நீ பி.யூ.சி. வரை போனாய், பீஸ் நான்தான் கட்டினேன், அதைச் சொல்லிக்காட்டவில்லை. உன் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றிலிருந்து வாரிசுரிமைச் சட்டத்தை நானே வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். உன்னைக் கட்டிக்கொடுத்தபோது இருந்த சட்டப்படி உனக்குப் பங்கு இல்லை. பிறகு சட்டம் மாறியது. நான் மாறவில்லை. கரடாகக் கிடந்த அந்தப் பூமியில் பாறையை வெடி வைத்து எடுத்தவன் நான். எந்த நீதிபதியும் அங்கே ஒரு கூடை மண் சுமக்கவில்லை.

ஆகவே, சட்டம் உனக்குக் கொடுத்ததைச் சட்டமே தடை நீக்கியும் தரட்டும். மறுபடியும் மனுப் போடு. என் கையெழுத்தை எதிர்பார்க்காதே.

காந்திபுரத்துக்கு வரும் காலை பஸ்ஸில் கண்டக்டர் வசம் ஒரு மூட்டை தேங்காய் ஏற்றியிருக்கிறேன். உன் பாகத்து மரங்களில் இறக்கியது. என் பாகம் இல்லாததை நான் தின்பதில்லை. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள். இதற்கு வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

முழங்காலுக்குப் பிரண்டை நல்லது. இது பொதுவான தகவல்.

திருமூர்த்தி
பிரதிவாதி

*

கணபதி, கோயமுத்தூர்
2.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்குத் தேங்காய் வந்து சேர்ந்தது. மூட்டையின் வாயைக் கட்டியிருந்த கயிறு உங்கள் முடிச்சு. அவிழ்க்க முடியாமல் ரித்திகா கத்தி கேட்டாள். "எங்க அண்ணன் போட்ட முடிச்சு கண்ணு, அதை அறுக்கத்தான் முடியும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிரதிவாதி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். போடுங்கள். ஆனால் எந்த ஊரில் பிரதிவாதி வாதி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறான்?

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், நீங்கள்தான் எழுத வைத்தீர்கள். எதிர்க்கட்சியோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று இரண்டு வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள். பேசவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலை பஸ் பிடித்து வந்து, அந்த வராந்தாவில் மூன்றாவது தூணில் அடித்திருக்கும் ஆணியில் உங்களுக்கான சோற்றுத் தூக்குப்போசியை மாட்டிவிட்டு நான் போய் உட்கார்ந்துகொள்வேன். மத்தியானம் பார்த்தால் அது கழுவித் துடைத்து அதே ஆணியில் தொங்கும். அரிசியும் பருப்பும் சோறு கொண்டுவந்த நாளில் மட்டும் போசி கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் வழித்திருக்கும். கோர்ட்டில் உங்கள் வக்கீல் என்னைப் பேராசைக்காரி என்று வாதாடிய அன்றைக்கும் அதுதான் கொண்டுவந்திருந்தேன்.

இன்னொன்று. என் வக்கீலின் குமாஸ்தா லட்சுமிநாராயணன் போன வாரம் வழக்குக் கட்டுகளைக் கொடுக்க வந்தார். காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, உங்கண்ணனோட வக்கீல் எத்தனையோ தடவ கேஸை நடத்த ரெடியாத்தான் வந்தாருங்க. பெரியவருதான் விடல. 'ஒரு வாய்தா கேளுங்க, ஒரு வாய்தா கேளுங்க'ன்னு கோட்டைப் பிடிச்சு இழுப்பாரு."

ஏனுங்ணா, அது எதற்குங்க?

பதில் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும் என்றும் எழுத மாட்டேன். அண்ணி தவறிப்போன வருஷத்திலிருந்து என் தூக்குப்போசியைச் சற்றுப் பெரிதாக மாற்றினேனே, அதை நீங்கள் கவனித்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் நடந்தபோது கூறைச்சேலையின் ஒரு முனை உங்களிடமும் ஒரு முனை என்னிடமும் இருந்தது. சபையில் அத்தனை பேர் பார்க்க, தங்கச்சிக்குப் பிறகுதான் பொண்டாட்டி என்று சீர் நடத்திய அருமைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் எந்தக் கோர்ட்டிலும் ஆதாரமாகப் போடவில்லை.

கையெழுத்துப் போடுங்க, அண்ணா.

நாச்சி

*

கள்ளிமேடு, கோபி வழி
11.11.2024

நாச்சிக்கு,

குமாஸ்தா சொல்வதெல்லாம் சாட்சியம் ஆகாது. காதால் கேட்டதைச் சொல்வது செல்லாது, சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆவணங்களைச் சரிபார்க்க அவகாசம் வேண்டியிருந்தது, வாய்தா வாங்கினேன். அவ்வளவே.

இணைச்சீரில் நான் தலையாட்டியது தலையில் கட்டிய உருமால் நழுவியதால். போட்டோவில் தெரியும்.

சமையலைக் கேட்டிருந்தாய். நானே சமைக்கிறேன். அருண் திருப்பூரிலிருந்து மாதம் ஒரு முறை வருகிறான், பெரும்பாலும் வருவதாகச் சொல்கிறான். மெஸ்ஸில் சொல்லி எடுத்துவரச் செய்யட்டுமா என்றான். நான் ஆஸ்பத்திரி நோயாளி இல்லை என்று சொல்லிவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நடவு முடிந்தது. நடவுக்கு வந்தவர்கள் போன பிறகு காட்டில் சத்தமே இல்லை. கொக்கு மட்டும் வருகிறது. அதோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

தடை நீக்க விஷயத்தை யோசித்தேன். நான் விட்டுக்கொடுப்பவன் அல்ல. ஆனால் அப்பீல் தள்ளுபடியான பின் தடை நிற்பது முறையல்ல என்பதைச் சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே கையெழுத்துப் போடுகிறேன், ஒரு நிபந்தனையின் பேரில். நீயே நேரில் வர வேண்டும். ரித்திகாவையோ, பவர் வாங்கிய வேறு ஆளையோ அனுப்பினால் போட மாட்டேன். வழக்குப் போட்டது நீ. முடித்து வைக்கவும் நீதான் வர வேண்டும்.

டிசம்பர் நாலாம் தேதி, புதன்கிழமை, பத்திர ஆபீசுக்குப் பத்து மணிக்கு வந்துவிடுவேன். அன்று முகூர்த்தம் இல்லை, கூட்டம் இருக்காது.

தூக்குப்போசி பெரிதானதைக் கவனித்தேன்.

திருமூர்த்தி
பிரதிவாதி

*

கள்ளிமேடு, கோபி வழி
5.12.2024

வாதி நாச்சியம்மாள் அவர்களுக்கு,

நேற்று வரச் சொன்ன இடத்துக்கு நீ வரவில்லை. உன் மகள் வந்தாள். காரில் வந்தாள். "மாமா, அம்மாவுக்குக் கால் வீங்கிருச்சுங்க, டாக்டர் படி இறங்கவே கூடாதுன்னுட்டாருங்க. நான் பவர் பத்திரம் கொண்டாந்திருக்கறேனுங்க" என்றாள். நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். பார்வைக்கு உன்னைப் போலவே இருக்கிறாள். பேசும்போது மட்டும் அவங்க அப்பா.

நிபந்தனையைத் தெளிவாக எழுதியிருந்தேன். கையெழுத்துப் போடவில்லை. ஆபீசில் இருந்தவர்கள் எல்லாரும் எனக்கு அறிவுரை சொன்னார்கள். "பெரியவரே, கால் சரியில்லாதவங்களை எதுக்குங்க இழுக்கறீங்க, போட்டுட்டுப் போங்க" என்று ஒரு பத்திர எழுத்தர் சொன்னார். எனக்கு யாரும் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை என்றேன். உன் மகள் கண்ணில் தண்ணீர் விட்டாள். அதற்கு நான் பொறுப்பல்ல, நீ பொறுப்பு.

சாயங்காலம் ஆபீஸ் கதவைச் சாத்தும் வரை இருந்தேன். ஒருவேளை நீ தாமதமாக வந்தால், நான் இல்லை என்ற பழி வரக் கூடாது என்பதற்காக.

இனி எது செய்வதானாலும் கோர்ட்டு மூலமாகச் செய்துகொள்.

திருமூர்த்தி
பிரதிவாதி

*

கணபதி, கோயமுத்தூர்
14.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கால் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கே ரித்திகா தோளைப் பிடித்துத்தான் போனேன். வர மனமில்லாமல் இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ரித்திகா திரும்பி வந்து நேராக என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "மாமா மடியில ஒரு மஞ்சப் பை வெச்சிருந்தாரும்மா. அதுக்குள்ள நம்ம பழைய தூக்குப்போசி. நான் எட்டிப் பார்த்ததும் பையைச் சுருட்டிப் புடிச்சுக்கிட்டாரு. ஆனா வாசம் வந்துச்சு. அரிசியும் பருப்பும்."

கடைசி வாய்தா அன்று மழையில் அந்தப் போசியை நான் ஆணியிலேயே மறந்துவிட்டு வந்தேன். தொலைந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். அதில் சோற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. சாயங்காலம் வரை இருந்தேன் என்று மட்டும் இருக்கிறது. யார் சாப்பிட்டது, அண்ணா? அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போனீர்களா?

பாவமாக இருந்தது. ஆனால் உங்கள் மேல் கோபமும் வந்தது. நோகிற காலைக் காட்டி உங்களிடம் நான் கெஞ்சுவதா? ரித்திகாவுக்குப் பயண நாள் நெருங்குகிறது. நீங்கள் சொன்ன வழியிலேயே போகிறேன். கோர்ட்டில் மனுப் போட லட்சுமிநாராயணனிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

வந்து எதிர்ப்பீர்கள் என்று தெரியும். வாங்க.

நாச்சி

*

கணபதி, கோயமுத்தூர்
26.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பொங்கலுக்கும் தேங்காய் மட்டும் வந்தது, எழுத்து வரவில்லை.

தடை நீங்கிவிட்டது. நேற்று வில்லங்கச் சான்றில் உத்தரவு ஏறியதை ரித்திகா கம்ப்யூட்டரில் காட்டினாள். வாத்தியாரிடம் மார்க் காட்டும் பிள்ளை மாதிரி காட்டினாள். நான் நல்லது கண்ணு என்றேன்.

அந்த மனு விசாரணைக்கு வந்த அன்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. நான் வர வேண்டிய அவசியமே இல்லை, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார்கள். கேட்கவில்லை. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு, ரித்திகாவைக் கார் எடுக்கச் சொல்லி, அவிநாசி வழியாக வந்தேன். விடியக்காலையில் எழுந்து புதிதாக வாங்கிய தூக்குப்போசியில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது தூணில் மாட்டிவிட்டு, உங்கள் பெஞ்சு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

ஒரு வாய்தாவையும் தவற விடாத மனுஷன் அன்றைக்கு வரவில்லை. மூன்று தடவை பேரைக் கூப்பிட்டார்கள். "திருமூர்த்தி, திருமூர்த்தி, திருமூர்த்தி." எதிர்ப்பு இல்லை என்று எழுதி, ஐந்து நிமிஷத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள். வக்கீல் கைகொடுத்தார். நான் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அருணுக்கு ரித்திகாவை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். "அப்பா நல்லாத்தான் இருக்காரு, அன்னைக்குப் பூரா வாழைக்குக் கன்னு எடுத்துட்டிருந்தாரு" என்றான். அப்புறம்தான் புரிந்தது. நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், அதை அந்த நாளிலா செய்ய வேண்டும்?

போசியைத் திரும்ப எடுத்து வர மனம் வரவில்லை. லட்சுமிநாராயணனைச் சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குனி ஆறாம் தேதி கிளம்புகிறோம். கொச்சி போய் விமானம். கோபிக்கு வந்து போக ரித்திகா ஒரு நாள் பார்த்தாள், டாக்டர் இன்னொரு ஊசி போட முடியாது என்றுவிட்டார். இனி நமக்குள் எந்தத் தடையும் இல்லை, அண்ணா. எந்த வேலையும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

நாச்சி

*

கள்ளிமேடு, கோபி வழி
4.3.2025

அம்மணி,

நோட்டீஸோடு தீர்ப்பின் நகலையும் வைத்திருந்தார்கள். அதை முழுவதும் படித்தேன். எதிர்க்க வேண்டியது எதுவும் இல்லை. அதனால் வரவில்லை. நீ வருவாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வந்து எதிர்த்திருப்பேன்.

டிசம்பரில் கொண்டுபோன சோற்றைக் கேட்டிருந்தாய். உப்புக் கூடிவிட்டது. நீ வராததே நல்லது.

இப்போது எழுதுவதைக் கவனமாகப் படி, ரித்திகாவையும் படிக்கச் சொல். தீர்ப்பின் நகலில் ஒரு பிழை கண்டேன். சொத்து விவரத்தில் உனக்குப் பாதி பூமி என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கிறார்கள். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிணறு என் பாகத்துக்குள் விழுகிறது. ஆனால் அது அப்பா வெட்டிய கிணறு. அதில் உனக்குப் பாதி உண்டு. இரண்டு தரப்பு வக்கீலும் இதைக் கோட்டை விட்டார்கள். படித்தவர்கள்.

இதை நான் உனக்கு எழுதிக் கொடுத்துவிடலாமே என்று ரித்திகா சொல்வாள். எழுதித்தர மாட்டேன். நான் எதையும் எழுதித் தருபவன் அல்ல என்று உனக்குத் தெரியும். கிணற்றுப் பாத்தியத்துக்கு நீ என் மேல் வழக்குப் போட வேண்டும். கோபி கோர்ட்டில்தான் போட முடியும், பூமி இங்கே இருப்பதால். மெல்போர்னில் செல்லாது.

நீ போட்டால் ஜெயிப்பாய். உன் பாகத்துத் தென்னைகளுக்கு இன்றைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் பாய்கிறது. நான்தான் மடை திருப்பி விடுகிறேன். இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. இடைவிடாமல் தண்ணீர் பாய்ந்தது என்பது வழக்கில் உனக்கு வலுவான ஆதாரம். அதை நான் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனாலும் கடைசி வரை எதிர்ப்பேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன். பவர் ஏஜென்டிடம் விசாரித்து என்ன பயன்? வாதியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்பேன். நீ நேரில் வந்தாக வேண்டியிருக்கும்.

அங்கே போனதும் காலுக்கு நல்ல வைத்தியம் பார். ஆபரேஷன் என்றால் செய்துகொள். கோர்ட்டுப் படி ஏற வேண்டும்.

பழைய தூக்குப்போசி என்னிடம் இருக்கிறது. புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் கோபிக்கு உரம் வாங்கப் போனபோது கோர்ட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். தூணுக்கெல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்கவில்லை.

இந்த வகை வழக்குக்கு மூன்று வருஷம் கெடு. உரிமையை நான் மறுத்த தேதியிலிருந்து கணக்கு. இந்தக் கடிதத்தின் மூலம் மறுக்கிறேன். ஆகவே இன்றிலிருந்து மூன்று வருஷம். எனக்கு எழுபத்தைந்து நடக்கிறது. அதுவரைக்கும் இருக்கப் பார்க்கிறேன்.

வழக்குப் போடு, அம்மணி.

இப்படிக்கு,
உன் அண்ணன்
திருமூர்த்தி
பிரதிவாதி